முன்னூறு கோப்பை ஆறின காபி

முப்பது வருஷமாக ருஜம் ஹவா என்கிற எங்கள் ஊரில் காபி ஊற்றுகிறேன். கல்யாண வீடு, சாவு வீடு, சிறையிலிருந்து வந்தவன் வீடு, தேர்தலில் தோற்றவன் வீடு என்று எல்லார் கூடாரத்திலும் இடது கையில் கெண்டியும் வலது கையில் கோப்பையுமாக நின்றிருக்கிறேன். ஊரில் என்னை அபூ தல்லா என்பார்கள். கெண்டிக்குத் தகப்பன் என்று அர்த்தம். முன்னூறு கோப்பைக் காபி மொத்தமாக ஆறிப்போனதை மட்டும் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் தனியாகப் போய்க் கேட்பது மரியாதை இல்லை. பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தப் படைக்கு ஜாஹா என்று பெயர். வீட்டுக்காரன் காபி கொடுப்பான். வந்தவர்கள் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்து, வந்த காரியத்தைச் சொல்வார்கள். கேட்டது கிடைத்தால் குடிப்பார்கள், இல்லாவிட்டால் எழுந்து போவார்கள். ஜாஹாவில் வந்த யார் வேண்டுமானாலும் இப்படிக் கேட்கலாம் என்பதும், ஒரு கோப்பை பதில் கிடைக்காமல் கீழே இருக்கும்வரை தான் கேட்டது கிடைத்தவனைத் தவிர மற்ற யாரும் குடிக்கக் கூடாது என்பதும் விதி. பழைய ஆட்களுக்கு இந்த விதி தெரியும். ஆனால் தலைவரைத் தவிர வேறு யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பெண் கேட்பதற்கும் இதே முறைதான், கொலைக்கு மன்னிப்புக் கேட்பதற்கும் இதே முறைதான்.

எங்கள் மாவட்டத்து ஜாஹாக்களுக்கெல்லாம் தலைவர் துர்க்கி பாஷா. நாற்பத்தொரு நாள் மந்திரியாக இருந்தவர். எந்தத் துறைக்கு என்பதில் ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி. வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு இரண்டு ஜாஹாவுக்குக் குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது என்று அவருடைய டிரைவரே சொல்லியிருக்கிறான்.

இவர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு விடுகிறவர் அபூ சுஹைப். சொந்தப் பெயர் நாயிஃப். மூத்த மகன் சுஹைப் பிறந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் அபூ சுஹைப், சுஹைபின் அப்பா. பதினேழு வயதில் அந்த மகன் செத்த பிறகும் அதே பெயர்தான். கூப்பிடுகிறவர்களுக்கு நாக்கு இடறும், அவருக்கு இடறவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் நாற்காலி போடுவார், நான் காபி ஊற்றுவேன். பெரிய மனிதர்களின் பின்புறத்தை எங்கள் இருவரையும் போல அறிந்தவர்கள் மாவட்டத்தில் கிடையாது.

சுஹைபைக் கொன்றது அவனுடைய உயிர்த் தோழர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் மாலிக், அபூ சுஹைபின் சொந்தத் தம்பி ஃபவ்வாஸின் மகன். நால்வரும் ஒன்றாக அணைக்கட்டுப் பக்கம் போனார்கள். ஒரு ஃபோனைப் பற்றி வாய்த்தகராறு என்று போலீஸ் எழுதியிருக்கிறது. பிறகு அந்த மூவரும் இரண்டு நாள் எங்களோடு சேர்ந்து சுஹைபைத் தேடினார்கள். "காணவில்லை" நோட்டீஸுக்குப் பசை காய்ச்சினார்கள். ஜனாஸா ஊர்வலத்தில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் மாலிக். நாலாம் நாள் பிடிபட்டார்கள். 

கொலை நடந்த அன்று காலையில் உம்மு சுஹைப், அதாவது சுஹைபின் அம்மா, மகனிடம் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த ரொட்டிச் சுருள் நாலு கொடுத்தனுப்பியிருந்தாள், ஆளுக்கு ஒன்று. சம்பவ இடத்தில் கிடைத்த பொருள்களின் பட்டியலில் ஆறாவது வரி: சுருள் சுற்றிய காகிதம், நாலு, காலி. அபூ சுஹைப் அந்த வரியோடு நின்றுவிட்டார். நாலும் காலி என்றால் தன் மகன் சாப்பிட்டானா? சாப்பிட்ட பிறகு அடித்தார்களா, அடித்த பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்களா? நீதிபதி அந்தப் பையன்களிடம் இதைக் கேட்க வேண்டும், தான் அங்கே நின்று காதால் கேட்க வேண்டும். தண்டனை, நஷ்ட ஈடு எதையும் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குள் கவர்னர் ஆபீஸ் வேலையைத் தொடங்கிவிட்டது. கொலை நடந்தால் கொன்றவனின் சொந்தபந்தம் ஊரை விட்டுப் போக வேண்டும், பழிவாங்கல் நடக்காமல் இருப்பதற்காக. இதற்கு ஜல்வா என்று பெயர். மற்ற இரண்டு பையன்கள் வீட்டுக்கும் தனித்தனிப் பட்டியல். மாலிக் வீட்டுக்கு, மூன்றாம் பாட்டன் வழி வந்த அத்தனை பேரையும் கம்ப்யூட்டரில் எடுத்து நாற்பத்தாறு பெயர் கொண்ட பட்டியல் ஒட்டினார்கள். எண் ஒன்று, மாலிக்கின் அப்பா ஃபவ்வாஸ். எண் இரண்டு, மாலிக்கின் பெரியப்பா நாயிஃப். அதாவது அபூ சுஹைப்.

ஏதோ தவறு என்று நானும் அவரோடு ஆபீஸுக்குப் போனேன். எழுத்தர் மரியாதையான மனிதர். தேநீர் வரவழைத்துவிட்டுப் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"எண் ரெண்டு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஊரை விட்டுப் போயிருக்கணுமே ஹாஜி, இங்க என்ன பண்றீங்க?"

"நான் எதுக்குப் போகணும்?"

"செத்த பையனோட அப்பா கோபத்துல இருப்பாரு. உங்களை வழியில பார்த்தா ஏதாவது பண்ணிடுவாரு. உங்க நல்லதுக்குத்தான்."

"செத்த பையனோட அப்பா நான்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ரொம்பக் கோபத்துல இருப்பீங்க."

அபூ சுஹைப் தேநீரைத் தள்ளி வைத்தார். "நான் ஊர்ல இருக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் கொடுத்தா?"

"தாராளமா கொடுங்க. ஆனா பாதிக்கப்பட்டவரும் வெளியேற்றப்பட்டவரும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது. கலவரம் ஆயிடும். நடுவுல ஒரு ஜாமீன்தாரர் போய் வரணும். உங்ககிட்டேர்ந்து காகிதத்தை வாங்கிட்டுப் போய் உங்ககிட்டக் கொடுக்கணும்."

ஜாமீன்தாரர் நான்தான். அவருடைய வலது கையிலிருந்து காகிதத்தை வாங்கினேன், ஒரு நடை வாசல்வரை போய் வந்து இடது கையில் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் இரண்டு விலாசத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார்.

"ரெண்டு தரப்பும் ஒரே வீட்டுல இருக்கீங்களே. இதுவே ஜல்வா மீறல். நான் பார்க்காத மாதிரி இருக்கேன், சீக்கிரம் கிளம்புங்க."

கிளம்பும்போதுதான் நான் பட்டியலைக் கீழே வரை படித்தேன். எண் பத்தொன்பது: சுஹைப் நாயிஃப், வயது பதினேழு, கொலையாளியின் ஒன்றுவிட்ட சகோதரன்.

"இது யாருங்க?" என்றேன்.

"சகோதரன் முறை வருதே. அவரும் ஊரை விட்டுப் போகணும்."

"அவன்தாங்க செத்தவன்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரணச் சான்றிதழ் பதிவாகும்வரை கம்ப்யூட்டரில் ஆள் உயிரோடுதான் இருப்பான் என்றும், பதிவாவது வழக்கு முடிந்த பிறகுதான் என்றும், அதற்குள் தன் இஷ்டத்துக்கு ஒருவரைச் சாகடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் விளக்கினார்.

அபூ சுஹைப் மெதுவாகக் கேட்டார். "அவனைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போகணுமா?"

"அது சட்டத்துல தெளிவா இல்ல ஹாஜி. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன். பதில் வர்றவரைக்கும் அவரை அப்படியே வைங்க."

அன்று மாலை போலீஸ் ஜீப்பில் நாற்பத்துநாலு பேரை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மாலிக் சிறார் காவலில் இருந்ததாலும் சுஹைப் மண்ணுக்குள் இருந்ததாலும் இரண்டு பேர் குறைவு. உம்மு சுஹைப் வேறு குடும்பத்துப் பெண் என்பதால் பட்டியலில் இல்லை. அவள் மட்டும் வீட்டில் தனியாக இருந்தாள். செத்தவனின் அப்பாவிடமிருந்து கொன்றவனின் அப்பாவைக் காப்பாற்றுவதற்காக இருவரையும் அடுத்தடுத்த வகுப்பறையில் படுக்க வைத்தார்கள்.

வாரம் ஒருமுறை கூடார வேலை பற்றிக் கேட்க நான் அங்கே போவேன். ஃபவ்வாஸின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அபூ சுஹைப் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"ஃபவ்வாஸ், நீ மாலிக்கைப் போய்ப் பார்த்துட்டு வந்தியாமே. அந்தச் சுருளைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

உள்ளேயிருந்து குரல் வரும். "ஜாஹா வர்றவரைக்கும் ரெண்டு தரப்பும் பேசிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்கண்ணே."

"எண் ஒண்ணும் எண் ரெண்டும் ஒரே தரப்புதாண்டா."



வழக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு விழுந்தது. கோர்ட் இருப்பது எங்கள் ஊரில். ஊருக்குள் அபூ சுஹைப் கால் வைக்கக் கூடாது. ஜாஹா வந்து, அவர் மன்னித்து, தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டால் ஜல்வா நீங்கும். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் பையன்களின் தண்டனை பாதியாகிவிடும், நீதிபதி காகிதத்தை மட்டும் பார்த்து வழக்கை முடித்துவிடுவார், யாரையும் எதுவும் கேட்கமாட்டார் என்று வக்கீல் சொன்னார். கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்குப் போகலாம், போய்க் கேட்க ஒன்றும் இருக்காது. போடாவிட்டால் கேட்கலாம், போக முடியாது.

துர்க்கி பாஷா வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார். அதற்கு முன்னால் கவர்னர் ஆபீஸில் ஒரு கூட்டம் நடந்தது. நானும் காபியோடு நின்றேன். சிக்கல் என்னவென்றால் அபூ சுஹைப் கொன்றவன் பக்கத்து ஆளாகையால் ஜாஹாவோடு வந்து கேட்க வேண்டும், செத்தவன் பக்கத்து ஆளாகையால் எதிரில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் பேசி பாஷா தீர்த்து வைத்தார்.

"ஜாஹாவோட நடந்து வரட்டும். நான் பேசி முடிக்கற வரைக்கும் எங்க பக்கம் உட்காரட்டும். முடிச்சதும் எழுந்து, கம்பளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து, கொடுத்துட்டேன்னு சொல்லட்டும். கையெழுத்து வாங்கிட்டு, நாலரைக்கு நான் கிளம்பணும். அஞ்சு மணிக்குப் பெண் கேக்கப் போறோம்."

அபூ சுஹைபுக்கும் ஃபவ்வாஸுக்கும் ஊருக்குள் நுழைய இரண்டு மணி நேர அனுமதிச் சீட்டு தந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கூடாரம் போட்டது அபூ சுஹைபின் கடை. நாற்காலியும் அவருடையதுதான், மாவட்டத்தில் வேறு யாரிடமும் முன்னூறு நாற்காலி கிடையாது. அவர் அனுமதிச் சீட்டோடு வந்து இறங்கியதும் முதல் வேலையாக மூன்றாவது வரிசையில் கால் ஆடிய ஒரு நாற்காலியை மாற்றினார். அதில் பிறகு போலீஸ் டைரக்டர் உட்கார்ந்தார்.

முன்னூறு பேரும் வந்தார்கள். எல்லோர் கையிலும் கோப்பை கொடுத்தேன், எல்லோரும் கீழே வைத்தார்கள். அபூ சுஹைப் ஜாஹா பக்கம் பாஷாவுக்கு அடுத்து உட்கார்ந்தார். கம்பளத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்காரருடைய நாற்காலி காலியாக இருந்தது. ஃபவ்வாஸ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கூடாரத் துணிக்குப் பின்னால் பெண்களோடு உம்மு சுஹைப் இருந்தாள்.

பாஷா எழுந்து காலி நாற்காலியைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்தார். அங்கியிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"பெருமைக்குரிய குடும்பத்தாரே. குணமும் அழகும் நிறைந்த தங்கள் மகளை எங்கள் பிள்ளைக்கு..."

காரியதரிசி பாய்ந்து வந்து வேறு காகிதத்தைக் கையில் திணித்தான். வேறு யாராக இருந்தாலும் வியர்த்திருப்பார்கள். பாஷா ஒரு வினாடிதான் நிறுத்தினார்.

"கல்யாணமும் துக்கமும் ஒன்றுதான் சகோதரர்களே. இரண்டிலும் ஒரு குடும்பம் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்கிறது. இந்த மாவட்டத்தில் நூற்றுப் பதினேழு கொலைகளை நான் முடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட ஏன் நடந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மனசு புண்படும். கோர்ட் என்ன செய்கிறது? துருவுகிறது, தோண்டுகிறது, சாட்சி என்கிறது. நாம் மூடி வைக்கிறோம். நான் மந்திரியாக இருந்தபோதும் என் மேஜைக்கு வந்த எந்த ஃபைலையும் திறந்ததில்லை. அதனால்தான் என் காலத்தில் எந்தப் பிரச்சினையும் எழவில்லை."

கவர்னர் தலையை ஆட்டினார். பாஷா உட்கார்ந்து, அபூ சுஹைபின் முழங்காலில் தட்டினார். "எழுந்திருங்க. பதினோரு அடிதான். அந்தப் பக்கம் போய் உட்காருங்க."

அபூ சுஹைப் எழுந்திருக்கவில்லை. தன் கோப்பையை எடுத்து, எல்லோரும் பார்க்கிறாற்போல ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தார்.

"நானும் ஜாஹாவுல வந்தவன்தான். பட்டியல்ல எண் ரெண்டு. எனக்கும் ஒண்ணு கேக்கணும்."

கூடாரத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கவர்னர் பாஷாவிடம் குனிந்து, இதற்கு இடமுண்டா என்று கேட்டார். பாஷா பழைய பஞ்சாயத்துத் தீர்ப்பாளர் ஒருவரைப் பார்த்தார். தொண்ணூறு வயதுக்காரர், வழக்கமாகத் தூங்குகிறவர், அன்று பார்த்து விழித்திருந்தார்.

"இடமுண்டு. கோப்பை கீழ இருக்கு. கேட்டுத்தான் ஆகணும்."

"யார்கிட்ட கேக்கப் போறீங்க?" என்றார் பாஷா. "எதிர்ல யாருமே இல்லியே."

"அதனால எல்லார்கிட்டயும் கேக்கறேன். அன்னிக்கு என் வீட்டுலேர்ந்து நாலு ரொட்டிச் சுருள் போச்சு. நாலு காகிதமும் காலியாக் கிடைச்சிருக்கு. என் பையன் தன் பங்கைச் சாப்பிட்டானா? அடிச்சது சாப்பிட்டப்புறமா, சாப்பிட்டது அடிச்சப்புறமா? இது தெரியாம நான் இந்தக் காபியைக் குடிக்கமாட்டேன்."

முன்னூறு பேரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். என் கெண்டியில் சூடு இருந்தது, ஊற்ற வழியில்லை.

"இதுக்கு ஒரு கமிட்டி போடலாம்," என்றார் கவர்னர்.

"சாப்பிட்டான்னே வச்சுக்குவமே," என்றார் ஒரு கான்ட்ராக்டர். சர்க்கரை வியாதிக்காரர், பேரீச்சம்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர். "அதுதானே எல்லாருக்கும் நிம்மதி?"

"அபூ சுஹைப், மணி நாலே காலாகுது," என்றார் பாஷா. "அங்க பெண் வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க."

 ஏலக்காய் வாசனை போய்விட்டது. ஒரு ஈ போலீஸ் டைரக்டரின் கோப்பையில் விழுந்தது, அவர் அதை எடுப்பதா வேண்டாமா என்று கவர்னரைப் பார்த்தார். பாஷா மூன்று முறை கைக்கடிகாரத்தைத் திருப்பினார். அத்தனை வருஷ அனுபவத்தில் ஆறின காபிக்கு முன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஃபவ்வாஸ் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே." அபூ சுஹைப் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, மாலிக் என்கிட்ட சொன்னான். எனக்குத்தான் சொல்ல வாய் வரல. அடிக்கறதுக்கு முன்னாடிதான் சாப்பிட்டாங்க. சுஹைப் சாப்பிடல. மாலிக்குக்குப் பசி அடங்கலன்னு தன்னோடதையும் அவன்கிட்டக் கொடுத்துட்டான். மாலிக் ரெண்டு சாப்பிட்டான்."

அவர் உட்காரவில்லை. உட்காரத் தெரியாதவர் போல அப்படியே நின்றார்.

துணிக்குப் பின்னாலிருந்து உம்மு சுஹைபின் குரல் வந்தது. "அவன் எப்பவும் அப்படித்தான்."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சொல்வோம். உண்ட கையின் எண்ணெய்ப் பிசுக்கு காய்வதற்குள் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காபி ஊற்றுகிறவன் அப்படிச் செய்யக் கூடாது, செய்தேன்.

 அபூ சுஹைப் கோப்பையை எடுத்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். கேட்டது கிடைத்தால் குடிக்க வேண்டும், அதுதான் முறை. கோப்பையை என்னிடம் நீட்டி, போதும் என்பதற்கு அடையாளமாக இரண்டு முறை ஆட்டினார்.

பாஷாவின் முகம் மலர்ந்தது. "இறைவனுக்கு நன்றி. குடிச்சிட்டார், முடிஞ்சுது," என்று தன் கோப்பையை எடுத்தார். அவரைப் பார்த்து முன்னூறு கைகள் கீழே போயின.

"வைங்க பாஷா," என்றார் அபூ சுஹைப். அப்போதும் குரல் உயரவில்லை. "நான் கேட்டது கிடைச்சுது, குடிச்சேன். நீங்க கேட்டது இன்னும் கிடைக்கல. கீழ வைங்க."

எதிர்ப்பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கொடுக்க வேண்டியவர் அதில் உட்காரவில்லை. பாஷா கோப்பையைக் கீழே வைத்தார். முன்னூறு கோப்பைகளும் கீழே வந்தன.

சரியாக நாலரைக்கு ஒரு கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி வந்து, அனுமதிச் சீட்டின் நேரம் முடிந்தது என்று அபூ சுஹைபின் காதில் சொன்னான். அவர் மறுக்காமல் ஜீப்பில் ஏறினார். உம்மு சுஹைப் துணியை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் போறேன்," என்றாள். "என் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல."

எல்லோரும் போன பிறகு நான் கோப்பைகளை எடுத்தேன். முன்னூறு நிறைந்த கோப்பை, ஒரு காலிக் கோப்பை. மறுநாள் பத்திரிகையில் பாஷா ஒரே நாளில் இரண்டு ஜாஹாக்களை நடத்திய செய்தி வந்தது. பெண் வீட்டில் கொடுத்துவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கையெழுத்து இல்லாததால் நீதிபதியால் காகிதத்தை மட்டும் பார்த்து முடிக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் இருக்கிறதா என்று தேடினார், இல்லை. இருந்தாலும் கேட்டார். மாலிக் பெரியம்மாவைப் பார்க்காமல், "ரெண்டு சாப்பிட்டேன்," என்றான். அதற்குப் பிறகு கேட்டவற்றுக்கும் பதில் சொன்னான். தண்டனை பாதியாகவில்லை. அன்றே உம்மு சுஹைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாத்திய கதவு எதுவும் இல்லாத வராந்தாவில் உட்கார்ந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். அவருடைய ஜல்வாவை நீக்கக் கோரும் மனு பரிசீலனையில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கவர்னர் ஆபீஸ் ஆள் ஒருவன் அவள் வீட்டுக்கு வந்தான். நான் அங்கே கூடாரக் கயிறுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்றாலும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது.

"பட்டியல் எண் பத்தொன்பது, சுஹைப் நாயிஃப், இக்காலம் முழுவதும் ஊருக்குள் எங்கும் காணப்படவில்லை என்றும், எவரோடும் சச்சரவு செய்யவில்லை என்றும் விசாரணையில் தெரியவருகிறது. அன்னாரது நன்னடத்தையைக் கருத்தில் கொண்டு, இன்று முதல் அன்னார் தம் வீட்டுக்குத் திரும்பி வர அனுமதிக்கப்படுகிறார்."

உம்மு சுஹைப் அதை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தாள். வந்தவன் பேரேட்டை நீட்டினான். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். பிறகு வாசல் கதவைச் சாத்தப் போனவள் சாத்தாமல் திரும்பி வந்தாள்.